கம்பிக்காரரின் உள்ளங்கை

மின் நிலையத்துக் கரிக்கிடங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் மிச்சமில்லை. கம்பிக்காரர், அவ்வளவுதான். முப்பத்தொரு வருடமாக ஒரே வேலை. இரண்டு ஆள் நீள இரும்புக் கம்பியை நிலக்கரிக் குவியலுக்குள் செருக வேண்டும்; அரை மணி நேரம் கழித்து உருவி, உள்ளே இருந்த முனையைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடிக்க முடிந்தால் குவியலுக்கு ஒன்றுமில்லை. முடியாவிட்டால் உள்ளே கரி தானாகவே கனன்றுகொண்டிருக்கிறது. நிர்வாகம் வாங்கித் தந்த வெப்பமானியை அவர் அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். "இந்தக் கைக்குத் தெரியாததா அதுக்குத் தெரியப்போகுது?"

ஒரு நாளைக்கு நாற்பது இடம். முழங்கால் கெஞ்சும், இடுப்பு கெஞ்சும், கேட்கத்தான் ஆளில்லை. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். அதை எண்ணுவதற்குக்கூட அவருக்கு அலுப்பாக இருந்தது.

போன வருடத்திலிருந்து புதுக் கரி வேறு வந்து உயிரை வாங்கியது. பழுப்பு நிறம், தொட்டால் பொலபொலவென்று உதிரும், சில கட்டிகளில் மரத்தின் நார்கூட அப்படியே தெரியும். பரிசோதனைக்கூடத்து அம்மா ஒன்றை உடைத்துக் காட்டினார்.

"இதுவும் பழைய கரியும் ஒரே வம்சந்தாண்ணே. சதுப்பு நிலத்துல மரஞ்செடி விழுந்து, காத்துப் படாம அரைகுறையா மக்கி, மேல மண்ணு ஏறி ஏறி, அழுத்தத்துலயும் சூட்டுலயும் கரியானது. பழசு முப்பது கோடி வருஷம் கிடந்தது. அதான் கறுப்பா, கெட்டியா இருக்கு, நின்னு எரியுது. இது அஞ்சு கோடி வருஷந்தான். ஏறக்குறைய பாதி தண்ணி. எரிச்சா சூடு கம்மி, புகை ஜாஸ்தி. காஞ்சு காத்துப் பட்டா தானே சூடாயிடும்."

"அஞ்சு கோடி வருஷமாகியும் பக்குவம் வரலையா? அப்போ என் மருமகனைச் சொல்லிக் குத்தமில்ல."

மகளைக் கட்டிய அந்த மருமகன்தான் கிடங்கில் புல்டோசர் ஓட்டினான். காற்றுப் புகாதபடி குவியலை ஏறி மிதித்து இறுக்குவது அவன் வேலை. மாமனார் தலையசைத்தால்தான் ஏறுவான். கல்யாணமான ஏழு வருடத்தில் அவர் பேச்சை அவன் கேட்கும் ஒரே இடம் அது.

அன்று காலையும் அவர் கம்பியை உருவிப் பிடித்துப் பார்த்தார். இளஞ்சூடு. தலையசைத்தார். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. மாதிரிக் கரி எடுக்க வந்த அம்மா, வழியில் கிடந்த கம்பியை ஓரமாகத் தள்ளி வைக்க அதே முனையைப் பிடித்தார்.

"ஐயோ!" என்று உதறினார். விரல்களெல்லாம் சிவந்துவிட்டன.

கம்பிக்காரர் மறுபடி பிடித்தார். இளஞ்சூடுதான்.

"அண்ணே, விடுங்க! உங்களுக்குச் சுடலையா?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் காய்த்துக் காய்த்துச் செருப்புத் தோலாகியிருந்தது. கெஞ்சுகிற முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினார். கத்தியது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டியதை மருமகன் ஒருவழியாகப் பார்த்து, வண்டியைப் பின்னால் எடுத்தான். அது தரைக்கு வந்த சற்று நேரத்தில் மேலே அது நின்ற இடம் சரிந்து உள்ளே விழுந்தது. குழிக்குள் செக்கச்செவேலென்று நெருப்பு தெரிந்தது.

மருமகன் இறங்கிவந்தான். கொடுத்த தண்ணீரில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"மாமா, நேத்தும் இதே கையாலதானே பாத்தீங்க?"

"ஆமாப்பா."

"முந்தாநாளு?"

"எப்பலேர்ந்து மரத்துப்போச்சுன்னு எனக்கே தெரியலப்பா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மருமகனோ ஒரு வருடமாகத் தான் தினமும் ஏறி இறங்கிய ஆறு குவியல்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.