எகிப்தைப் பங்கு பிரித்த தம்பதி

டிராவல்ஸ் வேலையில் இருக்கும் சக பாவிகளே, டிக்கெட் போடுவது சுலபம். எங்கே போவது என்று வாடிக்கையாளர் முடிவெடுப்பதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். அதிலும் எகிப்து என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே வாரத்தில் பிரமிடும் வேண்டும், கடலும் வேண்டும், கல்லறையும் வேண்டும், மூன்று வேளையும் சாம்பார் வேண்டும் என்பார்கள். சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் சிங்காநல்லூர் ஆபீசுக்கு வந்த கந்தசாமி அண்ணனும் அவர் மனைவி சரஸ்வதி அக்காவும் அந்த ரகமில்லை.

வடக்கு அவருக்கு, தெற்கு அக்காவுக்கு

தினமும் சாயங்காலம் ஒரே செல்போனில் எகிப்து வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இருவரும் அந்த நாட்டையே மனப்பாடம் செய்திருந்தார்கள். பிரமிடு இருக்கும் கெய்ரோவும் அலெக்சாண்டிரியாவும் அண்ணனுக்கு. அவர் திரும்பி வந்த பிறகு, லக்சரும் அஸ்வானும் அக்காவுக்கு. தனித்தனி டூர் போடச் சொன்னார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டையா என்று கேட்கவும் கூச்சம். என் முழியைப் பார்த்து அண்ணனே விளக்கினார். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லையாம். "ரெண்டு பேரும் கெளம்பீட்டா மாட்ட யாருங்க கறக்கறது? வேத்தாளு கை வெச்சா ஒதைச்சுப்போடுமுங்க!"

பிரமிடு யாருக்கு?

அவர்களுக்குள் இழுபறி வந்தது ஒரே விஷயத்தில்தான். பிரமிடு எனக்குத்தான் என்று அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் 'நீ போ', 'இல்லைங்க, நீங்க போங்க' என்று மல்லுக்கட்டினார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கடைசியில் அக்காதான் ஜெயித்தார். தெற்கே கல்லறைச் சுவரில் மாடு கட்டி உழுகிற படம் இருக்கிறதாம், இன்னும் நிறம் போகவில்லையாம், தனக்கு அதுவே போதுமாம்.

அண்ணன் வண்டியெடுக்க வெளியே போனதும் மெதுவாகக் கேட்டேன், "நெசமாவே பிரமிடு வேண்டாமாக்கா?" அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடியே எழுந்தார். "வேண்டாம்னு யாரு கண்ணு சொன்னா?"

உச்சி வெயிலில் வீடியோ கால்

அண்ணன் எங்கள் குழுவோடு கிளம்பிப் போனார். சில நாள் கழித்து, விசாவுக்குப் போட்டோ கொடுக்க அக்கா வந்தார். பிரமிடுக்கு முன்னால் நின்று அண்ணன் கூப்பிட்டாராம். அங்கே உச்சி வெயில், இங்கே பால் கறக்கும் நேரம். போனைத் தொட்டிமேல் சாய்த்துவைத்துவிட்டுக் கறந்துகொண்டே பேசினாராம்.

"எப்படி இருந்துச்சுக்கா பிரமிடு?" என்றேன்.

"அவரு பிரமிடக் காட்டுனாருங்க, நானு மாட்டக் காட்டுனேன். ரெண்டு பேருமே மாட்டத்தானுங்க பாத்தோம்."

திரும்பி வந்தவர்

ஊர் திரும்பிய அண்ணன், அக்காவின் பயணத்துக்கு முன்னால் ஒருநாள் தனியாக வந்தார். அக்காவின் டிக்கெட்டோடு தனக்கும் ஒன்று போடச் சொன்னார். மாடு? அக்காவின் தம்பி வந்து தங்கப் போகிறாராம். அவர் இப்போதே அண்ணனின் லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் கறந்து பழகுகிறாராம். வாசனை தெரிந்து மாடும் காலை அடக்கிவிட்டதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் தெக்கயே சுத்தீட்டு வந்துருங்கண்ணா. வடக்கதான் நீங்க பாத்தாச்சுங்களே" என்றேன்.

அண்ணன் இல்லையென்று தலையை ஆட்டினார். "தெக்கயும் போடுங்க, பிரமிடும் சேத்திப் போடுங்க அம்மணி. அங்க போயி நின்னு, 'சரசு, இங்க பாரு'ன்னு திரும்புனனுங்க. கொடை புடிச்சுட்டு யாரோ ஒரு வெள்ளக்காரம்மா நின்னுட்டிருந்தாங்க. அதுக்கப்பறம் என்ர கண்ணுல ஒண்ணுமே ஏறலீங்க. நானு இன்னும் பிரமிடப் பாக்கலீங்க."

ஒரே ஆளுக்கு ஒரே பிரமிடை ரெண்டு தடவை விற்ற கெட்டிக்காரி என்று என் முதலாளி இன்றுவரை என்னைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.