வெள்ளைத் தோல் சீஸ்

எதைச் சாப்பிட்டாலும் வயிறு பானையாக உப்பி வலிக்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் இளம் சீனப் பெண். குடலில் புளித்து வாயுவாகும் சர்க்கரைகளைத் தவிர்க்கும் லோ ஃபோட்மேப் என்ற உணவுமுறையைப் பொறுமையாக விளக்கினார். வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் எல்லாவற்றையும் சில வாரங்கள் நிறுத்த வேண்டும். நான் கறி, மீன் தொடாதவள். பிறகு என்னதான் சாப்பிடுவது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பிரீ சாப்பிடலாம் என்றார். வெள்ளைத் தோலுக்குள் குழைந்து கிடக்கும் சீஸ். அது பதமாகி முதிர்வதற்குள் பாலின் சர்க்கரை பெரும்பாலும் போய்விடுமாம்.

கிளமெண்டி பேரங்காடியில் விலங்கு நொதி சேராத, சைவக் குறியிட்டதைத் தேடி வாங்கி வந்தவர் என் கணவர். பிரித்ததும் காயாத துணியின் வாடை அடித்தது. சுடுசோற்றில் போட்டு, மிளகு தூவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். "நீ சாப்பிடறதையே நானும் சாப்பிடுறேன். வீட்டுல இனிமே வெங்காயம் வேணாம் லா," என்றார்.

மெல்ல வயிறு அடங்கியது. அந்தச் சீஸ்கூடப் பிடித்துப்போயிற்று. இனி இப்படியே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு மாலை கோதுமை மாவு கலக்காத பெருங்காயம் தேடி லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் என் கணவர் உட்கார்ந்திருந்தார். பூன் லேயில் வேலை முடித்து, வீட்டைத் தாண்டி அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். தட்டில் வெங்காய ஊத்தப்பம். சாம்பாரை ஊற்றி ஊற்றி, தலை நிமிராமல், பசித்த பிள்ளைபோலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்பதைக் கவனித்தேன். உள்ளே போகவில்லை. பெருங்காயமும் வாங்காமல் ரயிலேறினேன்.

எனக்குப் பின்னால் வீட்டுக்கு வந்தவர் கைகழுவி என் எதிரே அமர்ந்தார். "சீஸ் இருக்கா? எனக்கும் கொஞ்சம் போடு," என்றார். போட்டேன். தோலோடு மென்று விழுங்கினார். எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதமே வலி திரும்பியது. சர்க்கரை இல்லாவிட்டாலும் கொழுப்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சீஸையும் நிறுத்திப் பாருங்கள் என்றார் ஆலோசகர். நிறுத்தியும் வலி போகவில்லை.

ஒரு நாள் கணவரிடம், "இனிமே நீங்க எப்பவும்போல சாப்பிடுங்க. வெங்காயம் வாங்கிட்டு வாங்க, நான் சமைக்கிறேன்," என்றேன்.

"எனக்கு இதுவே பழகிடுச்சு," என்றார் என்னைப் பார்க்காமல்.

இப்போதும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வெறும் சோறும் கேரட்டும் சாப்பிடுகிறோம். அவர் கொஞ்சமாகத்தான் போட்டுக்கொள்கிறார். பசிக்கவில்லை என்கிறார். எனக்கும் பசிப்பதில்லை.