பச்சை விளக்குப் பெட்டி

மரக்காணம் உப்பளத்தில், குத்தகைக்கார அக்காவின் பாத்தியோரம் ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த காலத்தில், பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். நட்டவன் நான்தான்.

துபாயிலிருந்து திரும்பி சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் ஒரு இன்ஜினியர் மேடம். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று அந்தப் பெட்டி அளந்து போனுக்கு அனுப்பும். கச்சிதமான கருவி, குறை சொல்ல முடியாது. பெரிய கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு இதை நம்பி இறங்கியிருந்தார். அவர் கேட்பதை நான் தமிழில் கேட்பேன். உப்பளத்துக்காரர்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்வேன்.

முதல் நாள் அக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டிகிரி கெடக்கட்டும் பாய், தண்ணிய தொட்டாலே தெரிஞ்சிடுது. மழை எப்ப வரும்னு இது சொல்லுமா?" என்றார். வாரிக் குவித்த உப்பு ஒரு மழைக்குக் கரைந்துவிடும். அவருடைய பயமெல்லாம் அது ஒன்றுதான். மேடம் ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். வெயிலில் முகம் சிவந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் நிற்கிற மனுஷியிடம் அதை எப்படிச் சொல்வது? ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவும், தேடி வந்தவர் மனசு நோகக்கூடாதென்று, "நல்லாருக்குதுங்க மேடம்" என்று டீ கொடுத்து அனுப்பினார். மற்ற பாத்திகளிலும் இதே கதைதான். எல்லோரும் நல்லாருக்குது என்றார்கள், சோதனைக்கு இலவசமாக நட்டுக்கொண்டார்கள். விலைக்கு என்றதும் ஒருத்தர்கூட வாங்கவில்லை.

இரண்டே வருஷத்தில் மேடம் கடையைக் கட்டினார். எல்லோருக்கும் பிடித்திருந்ததே, பிறகு ஏன் என்று கடைசி நாள் போனில் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது. மழைக் கேள்வியைச் சொன்னேன். அதற்கும் ஒரு வழி பார்த்திருப்பேனே, முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார். திட்டியிருந்தால் தேவலாம். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பெட்டியில் விளக்கு இல்லை. கம்பத்தில் அக்கா தன் தூக்குவாளியை மாட்டியிருந்தார். கிழக்கே திடீரென்று கருத்துக்கொண்டு வர, தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"என்ன பாய், வேடிக்கை பாக்குறீங்க? அந்த முனைய பிடிங்க!"

ஓடிப்போய்ப் பிடித்தேன். பாதிக் குவியலை மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.