பதினேழு தூக்குப்போசிகள்

அந்த விண்ணப்பத் தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பழுப்பு நிறம், சுருண்ட முனை, ஓரத்தில் என் கை மைக்கறை. நகரசபை எல்லைக்குள் மோட்டாரோ எஞ்சினோ வைத்துத் தொழில் நடத்த விரும்புகிறவர் அதை நிரப்பித் தர வேண்டும். எத்தனை ஹார்ஸ் பவர், எவ்வளவு புகை, அண்டை வீட்டுச் சுவர் எத்தனை அடி தள்ளி என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அங்கே எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. லைசென்ஸ் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. மலையில் தண்ணீரிலிருந்து எடுத்த கரண்ட் இறங்கி வந்து, எங்கள் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் மோட்டார் ஆசை பிடித்திருந்தது. எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவர் கிணற்றுப் பம்புக்கு உதிரிச் சாமான்கள் செய்துவந்தார். அவர் பட்டறையில் கடைசல் இயந்திரத்தை ஆட்கள் கையால் சக்கரம் சுற்றித்தான் ஓட்டினார்கள். மோட்டார் வைத்தவன் அரை நாளில் முடிக்கிற வேலை இவருக்கு மூன்று நாள் ஆயிற்று. வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இனி மோட்டார் இல்லையென்றால் பட்டறையே இல்லை என்ற நிலையில் ஒன்றை வாங்கி, அனுமதி வருமுன்பே ஒரு வாரம் ஓட்டியும் பார்த்துவிட்டார்.

சத்தம் தாங்கவில்லை என்று தெருவே திரண்டு புகார் மனு கொடுத்தது. முதல் கையெழுத்து அடுத்த வீட்டுக்காரருடையது. அவரே அந்த வார்டு கவுன்சிலர். இரண்டு கட்டடத்துக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஒரு வருடமாக முதுகு நோயில் படுக்கையாகக் கிடந்தார். நான் நோட்டீஸ் அனுப்பி மோட்டாரை நிறுத்தினேன். கோப்பில் 'நிராகரிக்கலாம்' என்று குறிப்பும் எழுதிவிட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி உத்தியோகம் எனக்கு நன்றாகவே பழகியிருந்தது.

கோப்பு நகரசபைக் கூட்டத்துக்குப் போக நாலு நாள் இருக்கும்போது கவுன்சிலர் என் மேசைக்கு வந்தார். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். "ஏனுங்க, அந்தப் பட்டறைல எத்தனை பேரு வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். தாளில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன், ஏதோ சட்டமே என் பக்கம் என்பதுபோல. விசாரிக்கச் சொன்னார். மேஸ்திரியை வரவழைத்துக் கேட்டேன். "நாலே பேருதானுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கவுன்சிலரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "சோத்து நேரத்துக்கு முந்திப் போயி, சுவத்துல தொங்கற தூக்குப்போசிய எண்ணிப்போட்டு வாங்க" என்றார்.

போனேன். பட்டறைச் சுவரில் ஆணி வரிசை. தூக்குவாளிக்கு எங்கள் பக்கம் தூக்குப்போசி என்றுதான் பெயர். பித்தளையும் ஈயம் பூசியதுமாகப் பதினேழு போசிகள் தொங்கின. ஆள் கணக்கை உள்ளபடி சொன்னால் தொழிற்சாலைச் சட்டம் பாயும் என்று யாரோ மேஸ்திரியைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தன் பக்கம் இருந்த ஒரே நியாயத்தை மனிதர் தானே மறைத்து வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. கேள்வி கேட்கிறவனைப் பார்த்து அவர் நடுங்கும்படி வைத்திருந்தது எங்கள் அலுவலகம்தானே.

அன்று மாலை கவுன்சிலர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கட்டிலில் கிடந்த அவர் மனைவிதான் பதில் சொன்னார். "பதனேழு போசியா தம்பி? ஒவ்வொண்ணையும் காத்தால ஒரு பொம்பள எந்திரிச்சுக் கட்டிக் குடுத்திருப்பாளுங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "மோட்டாரு நின்னா என் வலி நின்னுபோயிருமாங்க? அவியள எதுக்குங்க நிறுத்தறீங்க?" என்றார். அந்த அம்மாதான் முதலில் கணவரிடம் ஆள் கணக்கைக் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கூட்டத்தில் கவுன்சிலர் எழுந்து, "முதல் கையெழுத்து என்னுதுங்க. அத நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். சபை கசமுசவென்றது. "ஊருக்குத் தண்ணி குடுக்கறோம், வெளக்குப் போடறோம். எல்லாருக்கும் வேலை குடுக்க நம்மால ஆவாதுங்க. குடுக்கறவன் வழியில நிக்காமயாச்சும் இருக்கலாமல்லங்க?" தன் வீட்டுச் சுவர் சம்பந்தப்பட்டதென்று ஓட்டுப் போடாமல் வெளியே போய் நின்றுகொண்டார். சுவரை விட்டுத் தள்ளித் தனிக் கல்மேடையில் மோட்டாரை வைப்பது, மாலை ஆறு மணிக்கு மேல் ஓட்டாதிருப்பது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அந்த வருடமே தாளில் புதிதாக ஒரு கட்டமும் ஏறியது. இப்போது தொழிலுக்கு இடம், சலுகை, கடன் என்று என்னென்னவோ திட்டம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் நோயாளி மனைவியை வைத்துக்கொண்டு தன் மனுவையே எதிர்த்துப் பேசிய ஒருவரை அதற்குப் பிறகு நான் எந்தச் சபையிலும் பார்க்கவில்லை.

நாலைந்து மாதத்தில் அந்த அம்மா போய்விட்டார். மேஸ்திரி யாரும் சொல்லாமலே மோட்டாரை நிறுத்திவிட்டார். இரண்டாம் நாள் நான் துக்கம் கேட்கப் போனபோது, ஆட்கள் வேலைக்கு வந்து, வேலையில்லாமல் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தினக்கூலிக்காரர்கள், ஆனாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கவுன்சிலர் என்னோடு பேசிக்கொண்டே வெளியே வந்தவர், அவர்களைக் கண்டதும் அங்கே நடந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

"மேஸ்திரி, மோட்டாரப் போடுங்க."

"காரியம் முடியட்டுங்க. அம்மா படுத்திருந்த எடமுங்க."

"அவ இருந்தப்பவே ஓடுனதுதானுங்க" என்றார் கவுன்சிலர். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "ரெண்டு நாளா சத்தமே இல்லாத அந்த ஊட்டுக்குள்ள என்னால இருக்க முடியலீங்க. போடுங்க."

மேஸ்திரி உள்ளே போனார். மோட்டார் ஓடத் தொடங்கியது. கவுன்சிலர் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.