குளிரில் அடக்கிய பாம்பு

ஒரு பாம்புக் குட்டியை நான் கொன்றேன். அதைக் கொன்றது தன் கைதான் என்று என் கணவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்ததும் நான்தான்.

நீங்கள் சிரிக்கலாம். பாம்புதானே! ஊரில் செத்தவர்களின் தொகையைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கிற காலம் இது. ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள்... பிறகு சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

நான் ஒழுங்கானவள். எதையும் வரிசைப்படுத்திச் செய்கிறவள். மின்னியலில் டிப்ளோமா பெற்றவள். இங்கே சுவிஸில், சூக் நகரில் ஒரு தொழிற்சாலையில் தெர்மோஸ்டாட்டுகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. குறித்த சூட்டில் மின்சாரத்தை நிறுத்துகிறதா, சூடு குறைந்ததும் மறுபடி கொடுக்கிறதா, குமிழில் எழுதிய எண்ணும் உண்மையான சூடும் ஒன்றா என்று பார்ப்பேன். பொய் காட்டுவதை ஒதுக்கிவிடுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்!

என் கணவர் சிவம் அவ்வளவு படித்தவரல்ல. யாழ்ப்பாணத்தில் சொந்தமாக மினிபஸ் ஓட்டியவர். கலியாணம் பேசி வந்தபோது, "பெடியன் நல்ல குணம், சொந்த வாகனமும் இருக்கு," என்றார் என் அப்பா. எண்பத்து நான்கில் அந்த வாகனத்தை இராணுவம் எரித்தது. குணம் மட்டும் மிஞ்சியது. அந்தக் குணத்தோடு அவர் இங்கே ஏரிக்கரை உணவகம் ஒன்றில் பின்னேரங்களில் சட்டி கழுவுகிறார்.

குணம் 'மட்டும்' என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? இப்போதும் என் புத்தி அப்படித்தான் ஓடுகிறது.

எண்பத்தாறு மாசியில், அந்த உணவகத்தில் சமையல் பழகிய ரெட்டோ என்ற சுவிஸ் இளைஞனுக்குக் கட்டாய இராணுவப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. நாலு மாதம். அவனிடம் ஒரு பாம்புக் குட்டி இருந்தது. அமெரிக்காவில் வாழும் இனமாம். நஞ்சில்லை. செம்மஞ்சள் நிறம், விரல் தடிப்பு, பிறந்து ஒரு வருடமும் ஆகவில்லை. அவன் தாய் அதை வீட்டில் வைத்திருக்க மறுத்துவிட்டாள். "ஃபக்கீரிடம் கொடு. அவர்கள் ஊரில் நாய்க்குப் பதில் பாம்புதானே வளர்க்கிறார்கள்!" என்று தலைமைச் சமையல்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். வித்தை காட்டும் பரதேசிச் சாமியார் என்ற பொருளில், ஃபக்கீர் என்பது என் கணவருக்கு அந்தச் சமையலறை வைத்த பெயர்.

இவரும் கூடச் சிரித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்!

ரெட்டோ கூடவே வந்து எல்லாம் விளக்கினான். அவன் ஜேர்மனில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இது குட்டி, பயத்தில்தான் கடிக்கிறது, கோபம் என்று நினைக்கவேண்டாம். மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது, பக்கத்தால் மெதுவாகக் கொண்டுபோகவேண்டும். கடித்தால் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால், கடித்துத் தப்பலாம் என்று அது பழகிவிடும். எலி தின்றபின் இரண்டு மூன்று நாளைக்குத் தூக்கக் கூடாது. பெட்டியின் ஒரு பக்கம் எப்போதும் சூடாக இருக்கவேண்டும். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, செத்துப்போகும்.

ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஆகையால், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பெட்டிக்கு மேலிருந்த விளக்குக்குத் தெர்மோஸ்டாட் இல்லை. தொழிற்சாலையில் கழித்த ஒன்றைக் கேட்டு வாங்கி, திருத்தி, நானே பூட்டிக் கொடுத்தேன். இருபத்தெட்டுப் பாகை. "என்ர மனிசி செய்தது," என்று வருகிறவர்களுக்கெல்லாம் இவர் அதைத்தான் முதலில் காட்டினார்.

பாம்பு கடித்தது... ஒவ்வொரு நாளும் கடித்தது! மூடியைத் திறந்ததும் உடலை மடிக்கும், வால் நுனியை நடுக்கும், பாயும். இவர் புறங்கையில் சிவப்புப் புள்ளிகள் வளைவாக இருக்கும். ஆனால் கையை இழுக்கமாட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, அதுவாக விடும்வரை அப்படியே நிற்பார்.

"இண்டைக்கு ரெண்டு கடிதான். நேற்று நாலு," என்பார், ஏதோ பரீட்சையில் பாஸ் பண்ணியது போல.

"அதுக்குத்தான் மூளையில்லை. உங்களுக்குமோ?"

"அதுக்குப் பயம், வசந்தி. ஊர் பேர் தெரியாத இடத்திலை கொண்டந்து பெட்டிக்கை போட்டா அது வேற என்ன செய்யும்? கிடக்கட்டும். நாளெடுக்கும்."

உணவகத்தில் அவர்கள் தினமும் கேட்பார்களாம்: "ஃபக்கீர், இன்றைக்கு எத்தனை?" இவர் கையை நீட்டிக் காட்டுவாராம். அவர்கள் சிரிப்பார்களாம். இவரும் சிரிப்பாராம். அதை வீட்டில் எனக்குச் சொல்லும்போதும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவருக்காகவா? இல்லை... எனக்காக! விரல் தடிப்புப் பாம்பையும் வசப்படுத்தத் தெரியாத மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று யாரோ என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பங்குனி பிறந்தபோது கடி குறைந்துகொண்டுதான் வந்தது. வாலை நடுக்குவது நின்றிருந்தது. அவர் கையருகே அது தலையைக் கொண்டுவந்து நாக்கை நீட்டிப் பார்ப்பதை நானே கண்டேன். அவருடைய பொறுமை வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணால் கண்டும் நான் நம்பவில்லை. இவரால் எப்படி முடியும்?

ஒரு காலை, அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் புறப்பட்டு நின்றேன். சிறிய திருகாணியைத் தளர்த்தி, குமிழைக் கழற்றி, கொஞ்சம் தள்ளித் திருப்பி, மறுபடி பூட்டினேன். குமிழ் இருபத்தெட்டைக் காட்டியது. உள்ளே வந்தது பதினேழு. சூடாக்க எண்ணெய் அடுப்பு இல்லாத அறை அது. வெளியே பனி.

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

குளிர்ந்த பாம்பு கடிக்காது. அதனால் முடியாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கத் தேவையிருக்கவில்லை. இந்த நாட்டில் என் முதல் மாரிக் குளிரில் நானும் அப்படித்தான் கிடந்தேன். அகதி முகாமில் எங்களைப் 'பிரச்சினை இல்லாத ஆட்கள்' என்று மெச்சினார்கள்.

சில நாளில் அவர் என்னைக் கூவி அழைத்தார்.

"இஞ்சை வாரும், வசந்தி! ஓடி வாரும்!"

மணிக்கட்டைச் சுற்றிப் பாம்பு அசையாமல் கிடந்தது. மூச்சு விடவும் பயந்தவர் போல அவர் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"என்னை நம்பீட்டுது..."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்கள் கெட்டிக்காரன்தான்," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்!

அதன்பின் என் வீட்டுக்கு வேறொரு மனிதர் வந்தது போல இருந்தது. குளிக்கும்போது பாடினார். ரெட்டோ விடுமுறையில் வந்து பாம்பைத் தூக்கிப் பார்த்தான். "என்னால் முடியாததை நீ செய்துவிட்டாய். இனி இது உன்னுடையது," என்றான். பிறகு, "ஏன் இப்படிக் குளிர்ந்து கிடக்கிறது?" என்று குனிந்து குமிழைப் பார்த்தான். இருபத்தெட்டு.

"இவ்வளவு நேரமும் ஜன்னல் திறந்திருந்தது," என்றேன் நான்.

அவன் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சமையலறையில் ஃபக்கீர் என்ற பெயர் நின்றுபோனது. சிவா என்று கூப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஷ்லீரன் என்ற ஊரிலிருந்து குணம் அண்ணை வந்தார். ஊரில் இவருடைய பஸ்ஸில் நடத்துனராக இருந்தவர், இவருக்கு மூத்தவர்.

"டேய் சிவம், சுவரிலை முருகன் படம், மேசையிலை பாம்பு. மயில் இறங்கி வந்து கொத்தப்போகுது, கவனம்!"

"கொத்தாது அண்ணை. மயிலோடையும் கதைச்சு வைச்சிருக்கிறன்."

"அப்ப ஒருக்காத் தூக்கிக் காட்டன், பாப்பம். இல்லாட்டி எல்லாம் புளுகெண்டு ஷ்லீரன் முழுக்கச் சொல்லிப்போடுவன்!"

முதல்நாள்தான் அது எலி தின்றிருந்தது. இவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தூக்கிவிட்டார். ரெட்டோ சொன்னவற்றில் அவர் மீறியது அந்த ஒன்றைத்தான், அந்த ஒரு தரம்தான்.

இரண்டு நாள் கழித்துப் பாம்பு எலியை முழுசாகக் கக்கியது. இவர் பதறிப்போனார். எனக்குக் காரணம் தெரியும். அன்றே குமிழைத் திருத்தியிருக்கலாம்... ஆனால் சூடு ஏறினால் அது மறுபடி பாயுமே? அவர் முகம் என்ன ஆகும்? சிவா என்ற பெயர் என்ன ஆகும்? நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். நாளையும் விட்டேன். அடுத்த எலியையும் கக்கியது. பிறகு வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கத் தொடங்கியது. வாயோரம் நுரை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. குமிழை உண்மைக்குத் திருப்பினேன். உள்ளே நல்ல சூடு வந்தது. பாம்புதான் மீளவில்லை.

அது செத்துக் கிடந்த காலை அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்டைக்கு நான் தூக்கினதாலைதானோ? நீர் படிச்சனீர். உள்ளதைச் சொல்லும்."

உள்ளதைச் சொல்லும்! அவர் தானாக வந்து கேட்டார். நான் ஒரேயொரு சொல் சொல்லியிருக்கலாம்.

"ஓம்... அப்பிடியும் இருக்கலாம்," என்றேன்.

பாம்பைக் கொன்றதை ஒருவேளை நீங்கள் மன்னிக்கக்கூடும். அவசரம், அறியாமை, இளமை என்று ஏதாவது பெயர் வைக்கலாம். இந்த 'ஓம்' இருக்கிறதே... இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

தன் வேட்டியில் ஒரு துண்டு கிழித்து அதைச் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் புதைத்தார். மேலே பால் ஊற்றினார். வீட்டுச் சொந்தக்காரி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். குணம் அண்ணைக்கு விடயத்தைத் தொலைபேசியில் சொன்னார். அவர், "பாம்பைக் கொன்ற தோஷம் பிள்ளையளிலைதான் விடியும் எண்டுவினம். ஒரு நேர்த்திக்கடன் வை தம்பி," என்றாராம். தூக்கிக் காட்டு என்று கேட்டவரும் அவர்தான். அவர் மனச்சாட்சியையும் சேர்த்து என் கணவர் தலையில் இறக்கிவிட்டார்.

எனக்குத் தோஷத்தில் நம்பிக்கை இல்லை. நான் படித்தவள்!

அந்த இலையுதிர்காலத்தில் என் முதற்கரு கலைந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. இப்படி நடப்பது சாதாரணம், யாருடைய பிழையும் இல்லை என்றார் மருத்துவர். இவர் என் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கிட்ட வரவில்லை.

"என்னாலைதான் வசந்தி. என்ர கையாலைதான்."

நான் என்ன செய்தேன்? கண்ணை மூடிக்கொண்டேன். களைத்துவிட்டேன் என்று தாதி அவரை வெளியே அனுப்பினாள். களைப்பு ஒன்றும் இல்லை. பேச நல்ல தெம்பு இருந்தது.

இப்போது மறுபடி ஐந்து மாதம். அவர் மச்சம் மாமிசம் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் நின்று சட்டி கழுவுகிறார். நண்பர் வீடுகளில் குழந்தையை நீட்டினால், தடிமன், சளி என்று சொல்லி விலகிக்கொள்கிறார். போன கிழமை, "இஞ்சேருங்கோ, பிள்ளை உதைக்குது, தொட்டுப் பாருங்கோ," என்றேன். கை பாதி தூரம் வந்தது... அப்படியே நின்றது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம். சுகமாப் பிறக்கட்டும்."

சொல்லிவிடு என்கிறீர்கள். எனக்குக் கேட்கிறது. சொன்னால் அவர் கைக்கு ஒரு பாவமும் இல்லை என்று தெரிந்துகொள்வார். கூடவே, அந்தப் பாம்பு தன்னை நம்பவில்லை, விறைத்துக் கிடந்தது என்றும் தெரிந்துகொள்வார். கட்டினவளும் தன்னை நம்பவில்லை என்றும் தெரிந்துகொள்வார். இந்த நாட்டில் அவர் வென்றது அந்த ஒன்றுதான், அதையும் எப்படிப் பறிப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பொய்! அவரைக் காப்பாற்ற இல்லை. "நீர் படிச்சனீர்" என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை இழக்க எனக்கு மனமில்லை. ஒரு மனிதனின் பாவச்சுமையைவிட எனக்கு அது பெரிதாக இருக்கிறது. இப்படிப்பட்டவள் நான்.

இன்று அவருக்கு ஓய்வு நாள். மத்தியானம் அடுப்படியில் என் பக்கத்தில் நின்றார். சொல்லிவிடுவது என்றே திரும்பினேன். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் என்றுகூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"இஞ்சேருங்கோ..."

"என்ன, சொல்லும்."

"... கறிக்கு உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

கரண்டியை வாங்கி நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"காணும். நீர் எதையும் அளவாத்தானே செய்வீர்."

அந்த நேரம் பிள்ளை உதைத்தது. அதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை.