அட்டையில் செய்த இன்டர்கூலர்

காற்றுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பெரிய கட்டடங்களில் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே ஏ.சி. காற்று போக டக்ட் போடுவது அவர் தொழில். தகரத்தை வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் ஒரு மாதிரி செய்வார். அதைக் கூரைக்குள் தூக்கிவைத்து, எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே கத்திரியைக் கையில் எடுப்பார். தகரம் வீணாகக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். உண்மையில் அட்டை வெட்டுவதில் அவருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம். தெருவில் யார் புதுசாக ஃப்ரிட்ஜ் வாங்கினாலும், பெட்டியைத் தூக்கிப் போடும் முன் இவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

அந்தத் தொழிலில் நல்ல பேர் வாங்குவது குதிரைக்கொம்பு. காற்று ஒழுங்காக வந்தால் ஒருத்தரும் நிமிர்ந்து மேலே பார்ப்பதில்லை. வராவிட்டால்தான் ஆளைத் தேடுவார்கள். வந்தாலும் இந்த மூலையில் இருப்பவர் வேகுது என்பார், அந்த மூலையில் இருப்பவர் குளிருது என்பார். வேகுது என்பதையாவது அவர் பொறுத்துக்கொள்வார். "குளிருது, கொஞ்சம் குறைங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் சுர்ரென்று கோபம் ஏறும். முதுகு ஒடியக் கூரைக்குள் படுத்துக்கிடந்து கொண்டுவந்த குளிர்ச்சியைப் போய்க் குறை சொல்ல எப்படி மனசு வருகிறது என்று வீட்டுக்கு வந்தும் புலம்புவார்.

காற்றுக்காக அவருக்கு முதன்முதலில் நன்றி சொன்னவள்தான் பிற்பாடு மனைவியாக வந்தாள். வானிலை அலுவலகத்தில் அவள் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தாள். தலைக்கு நேர் மேலே இருந்த டக்ட் வாயிலிருந்து காற்று கொட்டி, மேசையில் ஒரு தாளும் நிற்கவில்லை. இவர் ஏறி அதை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டார். அவள் ஏணிக்குக் கீழே வந்து நின்று, ரொம்ப நன்றிங்க, இப்போ எல்லாம் வெச்ச இடத்துல இருக்கு என்றாள். இவருக்கு ஏணியிலிருந்து இறங்கவே மறந்துபோனது. அன்று ஒட்டிக்கொண்ட பழக்கம், வாட்ச்மேன், பேருந்து ஓட்டுநர், கதவு திறக்கும் லிஃப்ட் என்று எதிர்ப்படும் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார். மனைவிக்கு மட்டும் சொன்னதில்லை. வீட்டுக்காரிக்குச் சொன்னால் விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

அந்த வானிலை நிலையம் பிறகு மலை உச்சிக்குப் போனது. அவளும் போனாள். தினமும் ஏறி, வெயிலையும் மழையையும் காற்றையும் அளந்துவிட்டு இறங்குவாள். அந்த வேலை அவளுக்கு உயிர். சில வருடங்களுக்கு முன் அவளுக்கு நரம்பில் ஒரு நோய் வந்தது. உடம்பில் சூடு ஏறினால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. உடம்பு குளிர்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவரும். மலைமேல் குளிர்ச்சிதான். ஆனால் அடிவாரத்தின் வெக்கையிலிருந்து அங்கே போய்ச் சேர வேண்டுமே. அவர்களுடையது பழைய சின்னக் கார். ஏ.சி.யைப் போட்டால் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஏ.சி.யை நிறுத்தினால் ஏறும், ஆனால் மேலே போய்ச் சேரும்போது அவள் துவண்டுபோயிருப்பாள். ஒருநாள் நிலையத்து வாசலில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரமே அவள் சொன்னாள், நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாக. "வெயில் காலம் ஆரம்பிச்சதும் நின்னுடறேன்னு எங்க ஆபீசர்கிட்ட சொல்லிட்டேங்க."

அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மலைமேல் குடியிருக்க வீடு கிடையாது, புது வண்டி கைக்கெட்டாத சமாசாரம். மறுநாள் காலையில் நேராக மைத்துனனின் பட்டறைக்குப் போய் நின்றார்.

மைத்துனன் அவளுடைய தம்பி; லாரி ரிப்பேர் செய்கிறவன். நொறுங்கிப்போன ஒரு டீசல் காரிலிருந்து கழற்றிய குட்டி டர்போ அவனிடம் சும்மா கிடந்தது. வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை ஊதித் தள்ளுகிற சாதனம் அது. மெல்ல ஊதினால் போதும், ஏ.சி.யோடு ஏறிவிடும் என்றான். ஆனால் அழுத்தித் தள்ளிய காற்று சூடாகிவிடும். சூடான காற்றோடு நெடிய ஏற்றம் ஏறினால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும், ஒருநாள் உடைந்தும் போகலாம். அதை நடுவழியில் ஆறவைக்க இன்டர்கூலர் என்ற அலுமினியப் பெட்டி வேண்டும். இவ்வளவு குறைச்சலாக ஊதுவதற்கு அதுகூட வேண்டாம் என்று மைத்துனன் சொல்லிப் பார்த்தான். இருப்பது ஒரே வண்டி, அதில் ஏறுவது உன் அக்கா என்றார் இவர். அவன் பெட்டி தேடக் கிளம்பினான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் மாமன் மச்சான் சண்டை மூண்டது. எல்லோரும் வைக்கிறபடி முன்னால், ரேடியேட்டருக்கு எதிரே வைக்கலாம் என்றான் அவன். காற்றுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அங்கேதான் ஏ.சி.யின் கண்டென்சர் இருக்கிறது. அதன் சூடு வெளியே போவதும் அந்த வழியில்தான்.

"யாருக்காக இந்தப் பாடு படறோமோ அவளுக்கு வர்ற குளிர்ச்சியையே கெடுக்கச் சொல்றியா மச்சான்?"

அப்படியென்றால் எஞ்சினுக்கு மேலே வைத்து பானெட்டில் ஓர் ஓட்டை போடலாம் என்றான். வேகமாகப் போகும்போது சரி, ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அங்கே காற்று எங்கிருந்து வரும் என்றார் இவர். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்.

முடித்துவைத்தவள் அவள்தான். நிலையத்தில் கழித்துப்போட்ட, நீள ஒயரோடு கூடிய வெப்பமானிகளைக் கேட்டு வாங்கிவந்தாள். "ரெண்டு பேரும் வாயாலயே அளந்துட்டு இருக்கீங்க. இதை வெச்சு அளங்க" என்றாள். ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னும், ஒன்றை எஞ்சின் மேலும், இன்னொன்றை முன் பம்பரின் இடது மூலையில், பனி விளக்குக்காக விட்டிருந்த காலித் துவாரத்துக்குப் பின்னாலும் கட்டினார்கள். காலை ஏற்றத்தில், வியர்த்து ஒழுகிக்கொண்டே, வளைவுக்கு வளைவு அவள் படித்துச் சொன்னாள். எஞ்சின் மேலே துணி காயப்போடலாம் போலிருந்தது. பம்பர் மூலையோ வெளிக்காற்றுக்குக் கொஞ்சம்தான் கூட. மைத்துனன் மோவாயைச் சொறிந்துகொண்டான். அதுதான் அவன் ஒப்புக்கொள்கிற விதம்.

பிறகு காற்றுக்காரரின் ராஜ்யம். காரை ஸ்டாண்டில் ஏற்றி, இடது முன் சக்கரத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு, சௌகரியமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மைத்துனன் கொண்டுவந்த இன்டர்கூலரைப் போலவே அட்டையில் ஒன்று செய்தார். துவாரத்தில் நுழையும் காற்று சிதறாமல் பெட்டிக்குள் போக அட்டையில் ஒரு வாய், சூடு சக்கரத்தின் பக்கம் வெளியேற ஒரு வால், எஞ்சினுக்கு அட்டைக் குழாய்கள். எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தன. சக்கரத்தை மாட்டிப் பார்த்தார். நடுவில் மூன்று விரல் இடைவெளி. கட்டடத்தில் ஒரு விரல் இருந்தாலே அவருக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை காரின் உள் தகரத்தை வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம் என்று மைத்துனனுக்குச் சொல்லியாயிற்று. வெட்டிவிட்டால் பழையபடி ஒட்டவைக்க முடியாது.

மகிழ்ச்சி தாங்காமல் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் கைத்தடியை ஊன்றிக் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. இந்த அட்டையோட ஒரு தடவ மலை ஏறிட்டு வந்துடலாம்."

அட்டையை எதற்கு மலைக்கு ஏற்றுவது என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "எங்க நிலையத்துல ஒரு கருவி எங்க வேலை செய்யப்போகுதோ அங்க வெச்சுப் பார்க்காம நம்ப மாட்டோம். நீங்க இதைப் பட்டறையில வெச்சுப் பார்த்திருக்கீங்க. நான் உட்கார்ந்து பார்க்கல."

முப்பது வருடமாகச் செய்கிற வேலையில் வந்து மூக்கை நுழைக்கிறாளே என்று அவருக்குக் கொஞ்சம் சுட்டது. அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வழியில்லாமல், வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள்.

முதல் சில வளைவுகளில் ஒன்றுமில்லை. பார்த்தாயா என்பதுபோல அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அடுத்தது வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தார். கார் இடது பக்கம் சாய்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தில், கீழே, சரக்கென்று ஒரு சத்தம். பிறகு தொடர்ந்து கரகரவென்று எதையோ அரைக்கிற சத்தம்.

ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை டயர் கடித்துக் குதறி வைத்திருந்தது. மூன்று விரல் இடைவெளியைக் காணவில்லை.

அவருக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்டாண்டில் நின்ற காரில் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் உட்காரவில்லை, நேராக நின்றது. அவர் வேலை பார்த்த கட்டடம் எதுவும் ஆள் உட்கார்ந்தால் கீழே இறங்கியதில்லை. வளைவு வந்தால் திரும்பியதும் இல்லை. அட்டை இருந்த இடத்தில் அலுமினியம் இருந்திருந்தால் டயர் கிழிந்திருக்கும். எந்தப் பக்கத்து டயர், யார் உட்கார்ந்திருந்த பக்கம், வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன பள்ளம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் கண்ணாடியை இறக்கி, என்ன ஆச்சு என்று கேட்டாள். கிழிந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தார். கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அட்டைதானே. வீட்டுல ஃப்ரிட்ஜ் பெட்டி இன்னும் ரெண்டு கிடக்கு" என்றாள்.

அந்த இடத்தில் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.  லிஃப்டுக்குச் சொல்கிறவருக்கு இவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஏறி வண்டியை எடுத்தார்.

ஹார்னையும் கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவையும் வேறு இடத்துக்கு மாற்றி, பெட்டியை இன்னும் முன்னால் தள்ளினார். மைத்துனன் முகம் சுளிக்காமல் தேடி, இன்னும் ஒல்லியான இன்டர்கூலர் ஒன்று கொண்டுவந்தான். புது அட்டைக்குச் சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசினார், டயர் தொட்டால் அதில் வெள்ளை ஒட்டுமல்லவா. இனி எடைக்கு நான் உட்கார்கிறேன் என்று மைத்துனன் முன்வந்தபோது, என் இடத்தில் நீ உட்காராதே என்று அக்கா அவனை விரட்டிவிட்டாள். அவளோடு ஏறி இறங்கிய பிறகு டயர் கறுப்பாகவே இருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார். திருப்தியில்லாமல் கைக்குட்டையாலும் துடைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வெட்டச் சொன்னார்.

அதற்குள் வெயில் காலம் வந்துவிட்டது. எல்லாம் மாட்டி முடித்து, மைத்துனன் தனியாக ஓட்டிப் பார்த்துத் திருப்தியானபோது, அவள் நின்றுவிடுவதாகச் சொன்ன நாளும் வந்திருந்தது. மதியப் பணி. தார் உருகுகிற வெயில். வாசலிலிருந்து காருக்கு வருவதற்குள்ளேயே அவள் கால் ஒரு தடவை இடறியது. கைத்தாங்கலாக உட்கார வைத்தார். நிலையத்தில் சாமான்களை எடுத்துவருவதற்காக மடியில் ஒரு காலிப் பை வைத்திருந்தாள். அதைப் பார்க்காத மாதிரி அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஏற்றம் தொடங்கியது. வழக்கமாக ஏ.சி.யை நிறுத்துகிற இடம் வந்தது. அவருடைய கை பழக்கத்தில் அந்தப் பக்கம் போனது; இழுத்துக்கொண்டார். முன்னால் எங்கோ டர்போவின் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. கார் தயங்கவில்லை. தட்டவும் இல்லை. வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இவர் காதெல்லாம் எஞ்சினில். அவள் என்ன ஆனாள் என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வருகிறாளே.

அந்தக் கொண்டை ஊசி வளைவு வந்தது. ஒடித்தார். ஒரு சத்தமும் இல்லை.

வளைவு முடிந்ததும் அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டாள்.

"குளிருது. கொஞ்சம் குறைங்க."

 அவர் ஏ.சி. திருகைப் பிடித்து மெல்லக் குறைத்தார். கண் மங்கியது, இமையைக் கொட்டிக்கொண்டார்.

"ரொம்ப நன்றி" என்றார்.

"யாருக்குச் சொல்றீங்க? காருக்கா?"

"உனக்குத்தான்."

 அவள் மடியில் இருந்த பையை நாலாக மடித்து, இருக்கைக்கு அடியில் தள்ளினாள். நிலையத்து வாசலில் அவர் சுற்றிவந்து கதவைத் திறப்பதற்குள் தானே இறங்கி நின்றாள். கைத்தடியை எடுத்துக்கொண்டு, அளக்க நேரமாகிவிட்டது என்று உள்ளே நடந்தாள்.