காட்டு எலுமிச்சை வேர்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வள்ளியாத்தாளின் காடு முழுக்கச் சுக்கான் மண். மண்வெட்டி போட்டால் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் தெறிக்கும். எதை வைத்தாலும் இலை வெளுத்துப்போகும். வேலியோரம் தானாக முளைத்த காட்டு எலுமிச்சை மட்டும் கரும்பச்சையாக நின்றது.

"மண்ணுல இரும்புச் சத்து இருக்கும்மா. சுண்ணாம்பு அதை விடாமப் பிடிச்சுக்குது. அதைக் கரைச்சு இழுக்கற வலு இந்த எலுமிச்சை வேருக்கு உண்டு. இது மேல சாத்துக்குடி ஒட்டு வெச்சா தேறும்" என்றார் விவசாய ஆபீசர்.

வள்ளியாத்தாளின் தம்பி சென்னிமலை, மலைமேல் சூரியநெல்லிப் பக்கம் ஒரு எஸ்டேட் நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவன். எழுபத்திரண்டாம் வருஷம் அவளே விதை போட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து நாற்று வளர்த்து அவனிடம் கொடுத்தாள்.

"இதுலதான் ஒட்டு வெக்கோணும், தம்பி."

"எனக்குச் சொல்லோணுமாக்கா?"

சொன்னபடி ஒட்டுக்கன்றுகள் கொண்டுவந்து கொடுத்தான். நிலக்கடலையை விட்டுவிட்டு, வள்ளியாத்தாளும் புருஷன் ராக்கப்பனும் காடு முழுக்க அவற்றையே நட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சளடித்தது. எருப் போட்டாள், புண்ணாக்குக் கரைத்து ஊற்றினாள். "தண்ணி அதிகமாயிருச்சுக்கா, குறைச்சுப் பாரு" என்றான் சென்னிமலை. குறைத்தாள். வெயிலில் பாதிக் கன்று கருகியது.

ஒருநாள் களை எடுக்கையில், ஒரு கன்றில் ஒட்டுக்குக் கீழே, வேரை ஒட்டி ஒரு துளிர் வந்திருப்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு காம்பிலும் மும்மூன்று இலை. காட்டு எலுமிச்சைக்குக் காம்புக்கு ஒரே இலைதான். இது அவள் வளர்த்த வேரே இல்லை.

புருஷனிடம்கூடச் சொல்லாமல் வடகரப்பதிக்குப் பஸ் ஏறினாள். சென்னிமலை பெண் கட்டிய ஊர் அது. அங்கேயும் சுக்கான் மண்தான். அவன் மாமனார் தோட்டத்தில் சாத்துக்குடி தளதளவென்று நின்றது.

"மாப்பிள்ளை கொண்டாந்த கன்னும்மா. இந்த மண்ணுக்குன்னே தனி வேராம்!" பெரியவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

அடித்தண்டில் விட்டிருந்த துளிரைக் கிள்ளிக் கசக்கினாள். அவள் வேலி எலுமிச்சையின் வாசம். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த முறை சென்னிமலை வந்தபோது கேட்டாள்.

"எம்பட நாத்தெல்லாம் எங்கடா?"

"அது... மலைக் குளிருக்குச் செத்துப்போச்சுக்கா."

"வடகரப்பதியில உசுரோட பார்த்துட்டு வந்தேன்."

அவன் தலை கவிழ்ந்தது. "கலியாணம் பேசுன சமயம். அவங்க முன்னால வெறுங்கையோட நிக்க முடியல. நீ என்னோட அக்கா, பொறுத்துக்குவேன்னு நினைச்சேன்."

"கேட்டிருந்தா நானே பாதி கொடுத்திருப்பேனேடா. போகட்டும், எடுத்துக்கிட்டே. தண்ணியைக் குறைன்னு ஏண்டா சொன்னே? நீ சொன்னேன்னுதானே காயப் போட்டேன்?"

அவன், "பக்கத்துல எலுமிச்சை நாத்து நட்டு, மரத்தோட தண்டுல சேர்த்து ஒட்டிட்டா புது வேர் பிடிச்சுக்கும். நானே செஞ்சு தர்றேன்" என்றான்.

"எங்காட்டுல நீ கை வெக்க வேண்டாம்."

ஆபீசரிடம் கேட்டுக்கொண்டு, அவளும் ராக்கப்பனுமே ஒட்டினார்கள். பழகாத கை, பல ஒட்டுகள் விட்டுப்போயின. பிடித்த சிலவற்றில் அடுத்த மழைக்குப் பிறகு பச்சை திரும்பியது.

தம்பி வந்தால் வள்ளியாத்தாள் இலை போட்டுச் சோறு வைப்பாள். "மரம் தேறுச்சாக்கா?" என்று அவன் கேட்டால் மட்டும், பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள்.